மாடி டேங்கா, டிரம்மா, கிணறா, வெந்நீரா? மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றும்போது சூடு பார்ப்பது

"மக்கா, மேல உள்ள வெள்ளம் கொதிச்சு கெடக்கு. கெணத்துல கோரி ஊத்து." பாட்டி சொன்னது காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. விளவங்கோடு பக்கம் தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வோம். ஏப்ரல் மாத ஞாயிறு, மதியம் இரண்டு மணி. மொட்டைமாடி டேங்கிலிருந்து ஹோஸை இழுத்து நேராகத் தொட்டிக்குள் விட்டேன். பாதித் தண்ணீரை இறக்கிவிட்டு மறுபடி நிரப்பும் வேலை, பத்து நிமிடத்தில் முடிந்தது. கால் மணி நேரம் கழித்து நியான் டெட்ராக்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இருட்டுவதற்குள் ஏழு செத்தன. மறுநாள் காலையில் இன்னும் இரண்டு.

முதலில் குளோரின் என்று நினைத்தேன். எங்கள் மாடி டேங்கில் இருப்பதும் வீட்டுக் கிணற்றிலிருந்து மோட்டாரில் ஏற்றியதுதான். அதில் குளோரின் கிடையாது. அதே கிணற்றுத் தண்ணீரில்தான் அந்த மீன்கள் ஆறு மாதமாக இருந்தன. மாறியது சூடு ஒன்றுதான்.

அதற்குப் பிறகு ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, ஒவ்வொரு வழியாக அளந்து பார்த்தேன். படிக்கக் கிடைக்கும் அறிவுரைகளில் பாதி குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை: குழாயில் ஐஸ் மாதிரி தண்ணீர் வரும், வெந்நீர் கலந்து சூடாக்கு என்பார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் அதைப் பின்பற்றினால் தப்பான பக்கம் போய்விடுவோம். இங்கே வருடத்தில் பெரும்பாலான நாள் தண்ணீரைச் சூடாக்கும் வேலையே இல்லை. அது எந்த இடத்தில், எத்தனை மணி நேரம் இருந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் கணக்கு

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி விளிம்புவரை 56 லிட்டர் பிடிக்கும். மணல், கல், மேலே விடும் இடைவெளி போக 50 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். தொட்டியில் 28 டிகிரி. இரண்டு தண்ணீர் கலந்தால் சூட்டை அளவுக்குத் தக்கபடி பங்கிட்டுக்கொள்ளும். கால் பங்கு மாற்றினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் கால் பங்கு தொட்டியில் தெரியும். பாதி மாற்றினால் பாதி தெரியும்.

24 டிகிரித் தண்ணீரைக் கால் பங்கு ஊற்றினால் தொட்டி 27-க்கு வரும். அதையே பாதி ஊற்றினால் 26. வெயிலில் கிடந்த 40 டிகிரித் தண்ணீர் என்றால் கால் பங்குக்கு 31, பாதிக்கு 34. என் டெட்ராக்களுக்கு நடந்தது கடைசியாகச் சொன்னதுதான். 25 டிகிரிக்குக் கீழே இருந்தால் நிம்மதியாக இருக்கும் மீன் அது. 28-ஐயே பொறுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அதைப் பத்து நிமிடத்தில் 34-க்குத் தள்ளியிருக்கிறேன்.

சூடு ஏறும்போது இன்னொன்றும் நடக்கும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 30-ல் அது 7.5, 35-ல் 6.9. மீனுக்கோ சூட்டில் மூச்சு வேகமாகும், கூடுதல் ஆக்சிஜன் வேண்டும். தேவை கூடும் அதே நேரத்தில் இருப்பு குறைகிறது. டெட்ராக்கள் மேலே வந்து வாயைத் திறந்தது இதனால்தான். திடீரெனக் குளிர்ந்தால் வேறு விதம்: அன்று ஒன்றும் தெரியாது, மீன் மூலையில் ஒதுங்கும், துடுப்பை ஒடுக்கிக்கொள்ளும், சில நாளில் உப்பைத் தூவியது போல வெள்ளைப்புள்ளி வரும். அந்த ஒட்டுண்ணி தளர்ந்த மீனைத்தான் முதலில் பிடிக்கும்.

அதனால் நான் வைத்திருக்கும் எல்லை இது: டெட்ரா, ஏஞ்சல், ஃபைட்டர் இருக்கும் தொட்டியில் ஒரு டிகிரிக்கு மேல் அசையக்கூடாது, கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ் என்றால் இரண்டு வரை.

மாடி டேங்க்

வசதியில் இதை அடிக்க ஒன்றும் இல்லை. ஹோஸைச் சொருகினால் போதும், பக்கெட் தூக்க வேண்டாம். ஆனால் ஒரே நாளுக்குள் இவ்வளவு மாறும் தண்ணீரும் வேறு இல்லை. எங்கள் கறுப்புப் பிளாஸ்டிக் டேங்கில் ஏப்ரல் மாதக் காலை ஆறு மணிக்கு 28 டிகிரி பார்த்திருக்கிறேன், அன்று மதியமே 39. டேங்க் பாதி காலியாக இருந்தால் இன்னும் சீக்கிரம் சுடும். வெயிலில் சுருண்டு கிடக்கும் ஹோஸுக்குள் நிற்கும் தண்ணீர் இதைவிட மோசம். அந்த முதல் இரண்டு மூன்று லிட்டரைச் செடிக்கு விட்டுவிட வேண்டும்.

மழைக்காலத்தில் இந்தக் கவலை குறைவு. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் வாங்கும் மாவட்டம் இது. ஜூன் முதல் நவம்பர் வரை எத்தனையோ நாள் மாடி டேங்க் பகல் முழுக்க 26, 27-லேயே நிற்கும். ஆனால் நடுவில் இரண்டு நாள் வெயில் அடித்தால் போதும். வானம் மூடியிருக்கிறதே என்று நம்பி விடக்கூடாது, அளந்துவிட்டு விட வேண்டும்.

என் தீர்ப்பு: வேறு வழி இல்லாதவர்கள் விடியற்காலையில் மட்டும் இதைப் பயன்படுத்தலாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு மதியம் தொட்டி கழுவும் பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. அந்த வேலையைக் காலை ஆறரைக்கு மாற்றினாலே போதும், பாதிக்கு மேல் பிரச்சினை தீர்ந்துவிடும். செலவு ஒன்றும் இல்லை.

ஒரு நாள் நிறுத்திவைத்த டிரம்

தொட்டி இருக்கும் அதே அறையில் மூடியுள்ள டிரம் ஒன்றில் முந்தின நாளே தண்ணீர் பிடித்து வைப்பது. எல்லா வழிகளிலும் எனக்கு முதலாவது இதுதான். தொட்டி சுவாசிக்கும் காற்றையே டிரம்மும் சுவாசிக்கிறது, அறை எப்படியோ இரண்டும் அப்படி. குழாய்த் தண்ணீர் பிடிக்கும் வீடுகளில் இதற்கு இன்னொரு லாபம்: குளோரின் ஒரு நாளில் தானாக வெளியேறும், ஏர் ஸ்டோன் (பம்பின் காற்றைப் பொடிக் குமிழியாக விடும் கல்) ஒன்றைப் போட்டுவிட்டால் இன்னும் சீக்கிரம்.

இதிலும் தவறு செய்ய இடம் இருக்கிறது, நானே செய்திருக்கிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மாடி டேங்கிலிருந்து 50 லிட்டர் டிரம்மை நிரப்பி, விடிந்ததும் எடுத்தால் அது முழுக்க ஆறியிருக்காது. அவ்வளவு தண்ணீர் ஆற நேரம் பிடிக்கும். காலையில் பிடித்து மறுநாள் காலையில் எடுப்பதுதான் சரி. இன்னொன்று, டிரம்மை வராந்தாவில் திறந்து வைப்பது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று கிழக்குப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திறந்த தண்ணீர் காற்றில் ஆவியாகி, மண்பானைத் தண்ணீர் போல அறையைவிடக் குளிர்ந்து நிற்கும். தொட்டியிலோ மேலே மூடியும் லைட்டும் இருக்கும், ஒரு டிகிரி கூடுதலாகவே நிற்கும். இரண்டுக்கும் நடுவில் மூன்று டிகிரி வித்தியாசம் வந்ததைப் பார்த்திருக்கிறேன். எனவே டிரம் அறைக்குள் இருக்கட்டும், மூடி லேசாகச் சார்த்தியிருக்கட்டும். மூடாத தண்ணீரில் டெங்குக் கொசு முட்டையிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஹீட்டர் போட்ட தொட்டி 28-ல் நிற்க, மழை நாளில் அறையும் டிரம்மும் 25-ல் இருந்தால் என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம். கால் பங்கு மாற்றினால் தொட்டி 27.25-க்கு வரும், அவ்வளவுதான். டிரம் வைக்கும் வீட்டில் வெந்நீருக்கு அநேகமாக வேலையே இல்லை.

பழைய சாமான் கடையில் டிரம் வாங்குகிறவர்கள் முன்பு அதில் என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். ரசாயனம் இருந்த டிரம்மை எத்தனை தடவை கழுவினாலும் நான் மீனுக்குப் பயன்படுத்த மாட்டேன்.

கிணறு

பாட்டி சொன்னதில் பாதிக்கு மேல் சரி என்று அளந்த பிறகு தெரிந்தது. தரைக்குக் கீழே சில மீட்டர் போனால் மண்ணுக்குப் பகலும் தெரியாது, இரவும் தெரியாது. வருடம் முழுக்க அந்த ஊர்க் காற்றின் சராசரிச் சூடு எவ்வளவோ அதை ஒட்டியே நிற்கும். எங்கள் கிணற்றில் மே மாதத்திலும் ஜனவரியிலும் 27-க்கு ஒரு டிகிரி இப்படி அப்படித்தான். விடியற்காலையில் கை வைத்தால் இளஞ்சூடு, உச்சிவேளையில் வைத்தால் குளிர்ச்சி. மாறுவது வெளிக்காற்றும் நம் கையும். தண்ணீர் அப்படியேதான் இருக்கிறது. நாம் வளர்க்கும் வெப்பநாட்டு மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டிய சூடும் ஏறக்குறைய அதுவே.

நாகர்கோவில் நகரத்துக்குள் கிணறு இல்லாத வீடுகளுக்கு இதன் இடத்தில் சம்ப் இருக்கிறது. முக்கடல் அணைத் தண்ணீர் குழாயில் வரும் நாளில் பிடித்துத் தரைக்கடியில் சேர்த்துவைப்பது, மாடிக்கு ஏறும்வரை வெயில் படாமல் நிற்கும். மாடிக்கு ஏற்றிய பிறகு எடுக்காமல், மூடியைத் திறந்து பக்கெட்டில் நேராக எடுங்கள். ஆனால் அது குளோரின் போட்ட தண்ணீர். ஆன்ட்டி குளோரின் சொட்டு விட்டோ ஒரு நாள் நிறுத்தியோதான் ஊற்ற வேண்டும்.

கிணற்றுத் தண்ணீரைச் சூட்டுக்காக மட்டும் பார்த்து நம்பிவிடக் கூடாது. புதிதாகக் கோரிய தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும், கரியமில வாயு கூடுதலாக இருக்கும். உயரத்திலிருந்து பக்கெட்டில் இரண்டு மூன்று தடவை மாற்றி ஊற்றி, ஏர் ஸ்டோன் போட்டு ஒரு மணி நேரம் விட்டால் சரியாகிவிடும். எங்கள் பக்கத்துச் செம்மண் கிணறுகளில் உப்புச்சத்து குறைவு, புளிப்பு கூடுதல். டெட்ராவும் ஏஞ்சலும் அதில் தேறும்; கப்பியும் மோலியும் வாடும், அவற்றுக்குக் கொஞ்சம் சிப்பி ஓடு போட வேண்டியிருக்கும். (கிணற்றுக் கப்பியையும் தொட்டிக் கப்பியையும் ஒரே பெயரில் கூப்பிடும் வீடு எங்களுடையது.) குளச்சல், முட்டம் போலக் கடலை ஒட்டிய ஊர்களில் சில கிணறுகள் உப்புக் கரிக்கும், அங்கே கதை அப்படியே தலைகீழ்.

மழைக்காலத்தில் இன்னொரு எச்சரிக்கை. காய்ச்சல், வயிற்றுப்போக்கு பரவும் நேரத்தில் கிணறுகளில் பிளீச்சிங் பவுடர் போடுவது வழக்கம். வீட்டில் இருப்பவர்களிடம் கேட்காமல் அன்று கோரி ஊற்றினால் மீன் தாங்காது. வாழைத்தோட்டத்தை ஒட்டிய கிணறு என்றால், பெருமழை கழிந்து தண்ணீர் தெளியும்வரை காத்திருப்பது நல்லது.

போர் தண்ணீரைக் கிணற்றோடு சேர்க்க வேண்டாம். ஆழத்தில் அழுத்தத்தில் இருந்த தண்ணீர் வெளியே வந்து சூடாகும்போது கரைந்திருந்த காற்று குமிழியாகப் பிரியும். தொட்டிக் கண்ணாடி முழுக்க, சில நேரம் மீனின் துடுப்பிலும் பொடிக் குமிழிகள் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். அதை ஒரு நாள் நிறுத்தாமல் பயன்படுத்தவே கூடாது.

2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்தபோதுதான் கிணற்றின் அருமை எனக்கு முழுதாகப் புரிந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. மோட்டார் இல்லை, ஹீட்டர் இல்லை, ஏர் பம்ப் இல்லை. தொட்டி குளிர்ந்துகொண்டே போனது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கயிறு போட்டு ஒரு வாளி கோரி, தொட்டியில் அதே அளவை எடுத்துவிட்டு, கப்பில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன். குளிர்ந்த தொட்டிக்குக் கிணற்றுச் சூடும், ஊற்றும் வேகத்தில் காற்றும் சேர்ந்தே கிடைத்தன. இரவில் பாட்டி அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த வாரம் ஒரு மீனும் சாகவில்லை.

வெந்நீர் கலப்பது, ஹீட்டர் ராடு போடுவது

மார்கழி, தை மாத விடியலில், பேச்சிப்பாறை, கீரிப்பாறை போன்ற மலையோர ஊர்களில் இதற்கு அவசியம் வரலாம். மற்ற இடங்களில் ஃபைட்டர் பாட்டில் வைத்திருப்பவர்களுக்கும் டிஸ்கஸ் மீன் வளர்ப்பவர்களுக்கும் மட்டும்தான். ஐந்து லிட்டர் பாத்திரத்தில் இரண்டு லிட்டர் மாற்றினால் அது நாற்பது சதவீதம். ஐந்து டிகிரி குளிர்ந்த தண்ணீரை விட்டால் இரண்டு டிகிரி விழும். சின்னப் பாத்திரம் வைத்திருப்பவர்கள்தான் பெரிய தொட்டிக்காரர்களைவிடக் கவனமாக இருக்க வேண்டும்.

18 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியில் இருக்கிறது, 28 ஆக்க வேண்டும் என்றால் அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீர் முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே போதும். நிறையப் பேர் இரண்டு சொம்பு, மூன்று சொம்பு என்று கண்ணளவில் ஊற்றிவிட்டு, பிறகு பச்சைத் தண்ணீர் விட்டு ஆற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அரை லிட்டர் ஊற்றி, கலக்கி, அளந்து, பிறகு மீதி ஊற்றுங்கள். கலப்பது பக்கெட்டில்தான், ஒருபோதும் தொட்டிக்குள் இல்லை. சூடாக்குவது எவர்சில்வர் பாத்திரத்தில். செம்புப் பாத்திரம் வேண்டாம், செம்பு இறாலுக்கும் நத்தைக்கும் விஷம்.

குளிக்கத் தண்ணீர் சுடவைக்கும் ராடுகள் பலவும் செம்புதான், அதே காரணத்தால் அதையும் நான் ஒதுக்கிவிட்டேன். 1000 வாட் ராடு 20 லிட்டரை மூன்று டிகிரி ஏற்ற நாலைந்து நிமிடம்தான் எடுக்கும். ஒரு போன் வந்தால் சூடு எல்லை தாண்டிவிடும். கரண்ட் ஓடும்போது பக்கெட்டில் கை வைத்தால் உயிருக்கே ஆபத்து. தொட்டிக்கான 100 வாட் ஹீட்டரை பக்கெட்டில் போட்டால் அதே வேலைக்கு நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆகும், ஆனால் வேண்டிய சூட்டில் தானே நிற்கும். இரண்டில் ஒன்று என்றால் இதுதான். தண்ணீருக்கு வெளியே எடுப்பதற்கு முன் அணைத்து, கால் மணி நேரம் விட்டுத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடி வெடிக்கும். தொட்டியில் தண்ணீர் இறக்கும் முன் அதிலிருக்கும் ஹீட்டரை அணைக்க மறப்பதால் உடைவதும் இப்படித்தான்.

மெதுவாக விடுவதா, மொத்தமாக ஊற்றுவதா

ஏர் டியூபில் முடிச்சுப் போட்டுச் சொட்டுச் சொட்டாக விட்டால் சூட்டு வித்தியாசம் ஒன்றும் செய்யாது என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. பாதிதான் உண்மை. கடைசியில் வந்து நிற்கும் டிகிரி எப்படி ஊற்றினாலும் ஏறக்குறைய ஒன்றே. மெதுவாக விட்டால் அந்த இடத்துக்குப் போய்ச்சேர மீனுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும், அவ்வளவுதான். 28-லிருந்து 27-க்குப் போக இந்தப் பாடு தேவையில்லை. 34-க்குப் போகும் தண்ணீரைச் சொட்டாக விட்டாலும் 34-தான். புதிதாக வாங்கிய மீனைப் பழக்கும்போது சொட்டு முறை நல்லது. வாராவாரம் தண்ணீர் மாற்ற, அளவைக் குறைப்பதே சுலபமான வழி. வாரத்தில் ஒருநாள் பாதி மாற்றுவதை விட்டு, இரண்டு நாள் கால் கால் பங்காக மாற்றினால் அதே தண்ணீரில் அதிர்ச்சி பாதியாகும்.

கையா, தெர்மாமீட்டரா

குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர்கள் முழங்கையால் தண்ணீர் பார்ப்பார்கள். மோசமான வழி இல்லை. ஒரு கையைத் தொட்டியிலும் மற்றதை பக்கெட்டிலும் ஒரே நேரத்தில் வைத்தால் பெரிய வித்தியாசம் தெரிந்துவிடும். ஒரு கையையே மாற்றி மாற்றி வைத்தால் ஏமாற்றிவிடும். குளிரில் இருந்த கைக்கு எல்லாமே சூடு. தலையில் தேய்த்த தேங்காயெண்ணெய் கையோடு தொட்டிக்குள் போனால் மேலே படலம் கட்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண கண்ணாடித் தெர்மாமீட்டர் விலை அதிகமில்லை. ஒன்றே வாங்கி இரண்டு இடத்திலும் அதையே வைத்து அளக்க வேண்டும். இரண்டு வாங்கினால் இரண்டும் வேறு வேறாகக் காட்டும்.

கோடையில் குளிர வைப்பது

ஏப்ரல், மே மாதத்தில் தொட்டியே 31, 32-ல் நிற்கும்போது சிலர் ஐஸ் கட்டியைப் போடுகிறார்கள். 50 லிட்டர் தொட்டியில் ஒரு கிலோ ஐஸ் உருகினால் இரண்டு டிகிரிக்குச் சற்று மேல் இறங்கும், அதுவும் சில நிமிடங்களில். போடத்தான் வேண்டும் என்றால் அரை லிட்டர் பாட்டிலில் உறைய வைத்து மூடியோடு மிதக்கவிடலாம், ஒரு டிகிரி அளவில் நிற்கும். எனக்கு இதைவிட, மேல்மூடியைத் திறந்து ஃபேன் காற்று படவைப்பது பிடித்திருக்கிறது. ஆடிக் காற்று டிரம்முக்குச் செய்யும் அதே வேலையை ஃபேன் தொட்டிக்குச் செய்யும். நாள் முழுக்க இரண்டு மூன்று டிகிரி குறைத்து வைக்கும், ஏறி இறங்காது. ஆவியாகிக் குறையும் தண்ணீரைத் தினமும் கிணற்றிலிருந்து ஒரு சொம்பு ஈடுகட்டினால் போதும்.

இவ்வளவும் சொன்னாலும், வேண்டுமென்றே குளிர்ந்த தண்ணீர் ஊற்றும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. கோரிடோராஸ் போன்ற மீன்களுக்கு முட்டையிட மழை வந்த அடையாளம் வேண்டும். நம் வயல்களில் முதல் மழைக்குப் புதுத் தண்ணீரில் மீன் எதிரேறி வருவது போலத்தான். ஜூன் மாதம், வெளியே மழை கொட்டும் இரவில், நன்றாகத் தின்று கொழுத்த மீன்கள் இருக்கும் தொட்டியில் மூன்று டிகிரி வரை குறைவதுபோல, முற்றத்தில் வைத்து ஆறவிட்ட கிணற்றுத் தண்ணீரை மெதுவாக ஊற்றுவேன். நோய் இல்லாத, பழகிய மீன்களுக்கு மட்டும். போன வருடம் மூன்றாவது நாள் காலையில், முன்பக்கக் கண்ணாடியில் வெள்ளை முத்துகள் போல முட்டைகள் ஒட்டியிருந்தன. பாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒன்று ஒன்றாக எண்ண ஆரம்பித்தாள்.